கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 11, சனி

சாப்பாட்டுக் கடை மேவிஸ் இன்றைக்கும் காசு வாங்க மறுத்துவிட்டாள். சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பு, இலவங்கப்பட்டை ரோல், இரண்டாவது கோப்பை காபி, எல்லாம் சும்மா. காரணம், அவள் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கும் பத்திரிகைப் பக்கம். இடது பாதியில் மாரா க்லாசன், கல்லூரிச் சீருடையில். வலது பாதியில் பதினேழு வயது நான், பளபளக்கும் சாட்டின் சட்டையும் குட்டை டிராயருமாக. இரண்டு பேரும் கூடைப்பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து தூக்குகிறோம். மேலே கொட்டை எழுத்தில் "அடுத்த லோர்னா".

"உனக்கே ஒரு பொண்ணு பொறந்திருந்தாக்கூட இப்படிப் பந்து போட்டிருக்க மாட்டா," என்றாள் மேவிஸ்.

பிடித்துத்தான் இருந்தது. என் நாட்குறிப்பில் நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? அறுபத்து மூன்று வயதில் ஒருத்தியின் படம் பேப்பரில் வந்தால் அது பெரும்பாலும் இரங்கல் பக்கமாகத்தான் இருக்கும்.

மாலையில் நோலன் கூப்பிட்டான். வடக்கே உள்ள நகரத்துத் தொழில்முறை அணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு அவனுக்கு. பள்ளிப் பயிற்சியாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும், அயோவா மாநிலத்தில் எந்தப் பெண் நன்றாக ஆடுகிறாள் என்று பார்த்துச் சொல்ல என்னை வைத்துக்கொண்டார்கள். எனக்கு மேலதிகாரி, ஆனால் நான் பல் கட்டிக்கொண்ட வருடம் பிறந்தவன். மாராவைப் பற்றிய அறிக்கை மார்ச் முடிவதற்குள் வேண்டுமாம். அறிக்கையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: பழைய ஆட்டக்காரர்களில் யாரைப் போல? ஒரே ஒரு பெயர். இந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் படிப்பது அந்தக் கடைசி வரியைத்தான். உயரமும் வேகமும் அப்புறம்.

"அந்த வரி உங்களுக்கு ஈஸி," என்று சிரித்தான். "உங்க பேரையே எழுதிடுங்க."

ஜனவரி 16, வியாழன்

பனியில் ஊர்ந்து ஊர்ந்து கல்லூரி அரங்கம் போய்ச் சேர்ந்தேன். நிற்க இடமில்லை. எல்லாம் மாராவுக்காக வந்த கூட்டம். சின்னப் பெண்கள் முகத்தில் அவள் சட்டை எண்ணை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் முதல் பந்தைப் போட்டாள். அப்படியே என் ஷாட். இடுப்பில் ஒரு கணம் பந்தை வைத்து, தோளைத் தாழ்த்தி, பிறகு ஒரே வீச்சாக மேலே. இப்போது யாரும் அப்படிப் போடுவதில்லை. நெற்றிக்கு மேலிருந்துதான் விடுகிறார்கள். பந்து வலையில் விழுந்த சத்தத்தில் எனக்குப் பழைய மாநிலப் போட்டி முழுவதும் திரும்பி வந்தது. மார்ச் மாதம், ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு தலைநகரத்துக்கு வண்டி கட்டிய வாரம். பாலைக் கறக்க மட்டும் ஆள் வைத்துவிட்டு அப்பா வந்திருந்தார். பாண்டு வாத்தியம், எல்லாருக்கும் ஒரே மாதிரி ரிப்பன், மாநிலம் முழுக்க டிவியில் எங்களைப் பார்த்தது. பையன்கள் ஆட்டத்தை அப்போது யார் பார்த்தார்கள்? அவர்களுக்கு அவர்கள் அம்மாக்கள் கைதட்டினார்கள்.

எங்கள் ஆட்டமே வேறு. அணிக்கு ஆறு பேர். நடுவில் ஒரு கோடு. மூன்று பேர் ஃபார்வர்ட், கூடை போடுவது மட்டும்தான் வேலை. மூன்று பேர் கார்ட், தடுப்பது மட்டும்தான் வேலை. அவரவர் பாதியை விட்டு யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தட்டுக்கு மேல் தட்டவும் கூடாது. பெண்கள் முழு நீளத்துக்கும் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். அதே பெண்கள்தான் வீட்டில் வைக்கோல் கட்டுகளைத் தூக்கி வண்டியில் எறிந்துகொண்டிருந்தோம்.

நான் ஃபார்வர்ட். மாநிலம் முழுக்கத் தெரிந்த ஃபார்வர்ட்.

திரும்பி வரும்போது காரில் எங்கள் பள்ளியின் பாட்டை முழுசாகப் பாடினேன். கண்ணாடியெல்லாம் ஆவி.

ஜனவரி 17, வெள்ளி

அறிக்கையில் கடைசி வரியைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. லோர்னா டீசன். எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது.

ஜனவரி 25, சனி

மறுபடி மாராவின் ஆட்டம். இடைவேளையில் முதுகு பிடித்துக்கொண்டதால், பின்பாதி முழுக்கக் கைப்பிடிச் சுவர் பக்கம் நின்றே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்த நிலை எனக்குத் தெரியும். நான்கு வருடம் நின்ற நிலை அது. பந்து எதிர்ப்பாதியில் இருக்கும்போது ஃபார்வர்டுக்கு வேலை கிடையாது. கோட்டோரம் வந்து இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டியதுதான். மற்றவர்கள் கூட்டத்தைப் பார்ப்பார்கள், ரிப்பனைச் சரி செய்வார்கள். நானும் பார்த்தேன், சரி செய்தேன். ஆனால் அதற்கு நடுவே கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜோலீன் தடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜோலீன் ப்ரூயட், எங்கள் கார்ட். அவள் பிடுங்கிக் கொடுத்தால்தான் எனக்குப் பந்து. அதனால் அவள் எப்போது பிடுங்குவாள் என்பது என் உடம்புக்கே தெரியும்.

இன்றைக்குக் கீழே மாரா தடுத்துக்கொண்டிருந்தாள். இடது கால் முன்னே. கண் எதிராளியின் வயிற்றில். பொய்யாகப் பந்தைத் தூக்கிக் காட்டினால் அசையவே இல்லை. கை தாழ்ந்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்து. எல்லாரும் மேலிருந்து அடிப்பார்கள், விசில் வாங்குவார்கள். இவள் கீழிருந்து மேலே ஒரு தட்டு. பந்து இவள் கையில்.

அது ஜோலீன்.

பக்கத்தில் நின்றவர் சலித்துக்கொண்டார், "இன்னிக்கு மாரா சரியாப் போடலையே." அவர் மேல் தப்பில்லை. பந்து கூடைக்குள் போவதைப் பார்க்கத்தானே எல்லாரும் வந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

தானியக் கிடங்குக்குப் போனேன். ஜோலீன் இன்னும் அங்கேதான், லாரி எடை மேடைக்குப் பக்கத்தில் உள்ள கண்ணாடி அறையில். புது இடுப்பெலும்பு வைத்த பிறகு உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள், உட்கார்ந்தே திட்டுகிறாள்.

"என்னடி, பேப்பர்க்காரங்க உன்ன விட்டுட்டாங்களா?"

"உன்னப் பத்திப் பேச வந்தேன்."

"நான் என்ன பண்ணேன்?"

சொன்னேன். மாரா என் ஷாட்டைப் போடுகிறாள், ஆனால் உன்னைப் போலத் தடுக்கிறாள், அறிக்கையில் உன் பெயரை எழுதலாமா என்று யோசிக்கிறேன் என்று. அவள் ஒரு லாரியை எடை போட்டு அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"எத்தன பாயிண்ட் எடுத்தவன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"நாலு வருஷத்துல கூடையைப் பாத்து ஒரு பந்து எறிஞ்சதில்ல நான். எறியவும் முடியாது. பூஜ்யம்னு சொல்லு. உன் பாஸ் போன வச்சிருவான்."

"பேப்பர் கட்டிங் எதாவது வச்சிருக்கியா?"

"கார்டுக்கு எத்தன ஃபவுல்னு மட்டுந்தான் போடுவான். அத வெட்டி ஒட்டி யார்கிட்டக் காட்டறது? போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டு மாதிரி இருக்கும்."

எங்கள் வீட்டில் என் படங்களால் நிறைந்த ஆல்பம் மூன்று இருக்கின்றன. அம்மா ஒவ்வொரு பக்கத்துக்கும் மெழுகுத்தாள் வைத்திருந்தாள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது ஜோலீன் கேட்டாள், "அவகூட இருக்கற ஃபார்வர்ட் எப்படி? பந்து வரும்போது முழிச்சுட்டு இருப்பாளா? இல்ல உன்ன மாதிரி கூட்டத்தப் பாத்துப் பல்லக் காட்டிட்டு லேட்டாக் கை நீட்டுவாளா?"

"நான் ஒருநாளும் லேட்டா நீட்டினதில்ல."

"சரி," என்றாள். அந்தச் சரிக்கு நாற்பத்தைந்து வயது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நோலனிடம் பேசினேன். முதலில் ஆறு பேர் ஆட்டத்தை விளக்க வேண்டியிருந்தது. நியூ ஜெர்சிக்காரன், நான் கதை விடுகிறேன் என்று நினைத்தான்.

"கோட்டைத் தாண்டக் கூடாதா? ஆட்டம் முழுக்கவா?"

"வாழ்நாள் முழுக்க."

"அப்போ இந்த ஜோலீன் மொத்தமா எத்தன பாயிண்ட்?"

"பூஜ்யம்."

பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான். "லோர்னா, நான் ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். உங்க பேர் இருந்தா முதல் சுத்துலயே எடுக்கச் சம்மதிப்பாங்க. அயோவாலேருந்து பஸ் பஸ்ஸா ஆள் வரும். 'அடுத்த லோர்னா'ன்னு போஸ்டர் அடிக்கலாம். யாருக்குமே தெரியாத பூஜ்யத்த எழுதினா அவள யாருமே எடுக்காம போகலாம். அப்புறம் அந்தப் பொண்ணு எங்க போவா?"

அதுதான் விஷயம். என் பெயரை எழுதினால் மாராவுக்குக் கதவு திறக்கும். ஜோலீன் பெயரை எழுதினால் திறக்காமலே போகலாம். ஆனால் திறந்த கதவுக்குள் போனவளை எனக்குத் தெரியும். அது நான்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று இதை எழுத மனம் வரவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

பள்ளி முடித்த வருடம் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் நடந்துகொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் வழியனுப்பு விழா, கேக்கில் என் முகம். அங்கே போனால் ஐந்து பேர் ஆட்டம். முழு மைதானமும் ஓட வேண்டும். தடுக்க வேண்டும். நான் வாழ்க்கையில் யாரையும் தடுத்ததில்லையே. இடுப்பிலிருந்து நான் பந்தைத் தூக்குவதற்குள் எதிரே நின்றவள் அதை எடுத்துக்கொண்டு போய் மறுமுனையில் கூடை போட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது தடவை சிரித்தாள். மூன்றாவது தடவை சிரிக்கக்கூட இல்லை, பாவம் பார்த்தாள்.

விழாவுக்குத் தொங்கவிட்ட காகிதத் தோரணத்தைக் கழற்றுவதற்கு முன்பே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஜோலீன் மட்டும் கேட்டாள், "எந்தப் பக்கம் வந்து எடுத்தா?" "எடது." "நான் இருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள்.

அந்த லீக் ஜோலீனைக் கூப்பிடவே இல்லை. அங்கே தேவைப்பட்ட பாதி ஆட்டம் அவளிடம் இருந்தது. அதற்கு எண் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

மாராவைப் பார்த்தேன். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"உங்க ஃபைனல் வீடியோ என் அம்மாகிட்ட இருக்கு மேடம். சின்னதுலேருந்து அதப் பாத்துப் பாத்துத்தான் இந்த ஷாட் கத்துக்கிட்டேன்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. தற்செயலான ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் என் தோல்வியைப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். அந்த வீடியோவில் அது வெற்றியாகத் தெரிகிறது.

"அந்த ஷாட் பெரிய லீக்ல எடுபடாது மாரா. மெதுவா இருக்கு. தூக்கறதுக்குள்ள தட்டிருவாங்க."

"இந்த சீசன்ல யாரும் தட்டலையே."

"அங்க இருக்கறவங்க இங்க இல்ல."

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தாள். "அப்போ நான் உங்க மாதிரி இல்லையா?"

"இல்ல."

"அந்த பேப்பர்ல வந்தது..."

"பேப்பர் தப்பு. நீ ஜோலீன் மாதிரி. எங்க கார்ட். நீ தடுக்கறத நான் பாத்தேன், அதுக்கு அங்க பத்து வருஷம் வேலை இருக்கு."

"அந்த வீடியோல கார்டுங்க வர்ற எடமெல்லாம் நான் ஓட்டிருவேன்," என்றாள். பிறகு, தலையை நிமிர்த்தாமல், "ஒருவேளை இன்னொருத்தி அடுத்த லோர்னாவா வர்றது உங்களுக்குப் பிடிக்கலையோ," என்றாள்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பொறாமையாம். எனக்கா? அவ மேலயா? அந்த படத்த மேவிஸ் கடையில பாத்து தெனமும் உள்ளுக்குள்ள குளுந்து போயிட்டு வர்றவ நான். என் பேர நானே வேண்டாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு இந்தப் பொண்ணுக்கு யாரு சொல்றது?

சரி. கொஞ்சம் இருக்கலாம். அது வேறு விஷயம்.

மார்ச் 8, சனி

பெரிய ஆட்டம். எதிரணியில் ஒரு பெண், தொழில்முறை அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் ஐந்து பேருக்குள் வருவாள் என்று எல்லாரும் அடித்துச் சொல்லும் நட்சத்திரம். மாராவைத்தான் அவளுக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். நோலனை வரவழைத்திருந்தேன். ஜோலீனையும் இழுத்து வந்தேன், மடியில் பாப்கார்னோடு.

"பந்து எங்க போகுதுன்னு பாக்காத," என்று நோலனிடம் சொன்னேன். "அவங்ககிட்டப் பந்து இருக்கும்போது மாராவ மட்டும் பாரு."

"அப்போ ஆட்டமே புரியாதே."

"அதான் வேணும்."

கொஞ்ச நேரம் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன், உட்கார்ந்தபடியே. எல்லாம் தானாக வந்தது. அந்த நட்சத்திரம் தோளை ஆட்டினாள், மாரா அசையவில்லை. பந்தை உயர்த்திக் காட்டினாள், அசையவில்லை.

"இப்போ," என்றேன்.

மாரா தட்டினாள். பந்து வந்துவிட்டது.

நோலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாவதில் மறுபடி "இப்போ" என்றேன். மறுபடி பந்து வந்தது. அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"கோட்டுல நின்னிருக்கேன்."

ஜோலீன் ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கடைசியில களைச்சுப் போனா முட்டி நிமிருது. எனக்கும் நிமிரும்." அப்புறம் பாப்கார்ன் தீர்ந்துவிட்டது என்று என்னை அனுப்பினாள்.

நட்சத்திரம் கூடையைப் பார்க்கவே திணறினாள். ஆனால் மாராவின் ஷாட்டும் ஒன்றுகூட விழவில்லை. தடுத்தே களைத்துப் போயிருந்தாள். நூலிழையில் தோற்றார்கள். முகத்தில் எண் எழுதியிருந்த குட்டிப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே போனாள்.

நோலன் கைகுலுக்கிவிட்டு விமானத்துக்குப் போனான்.

மார்ச் 9, ஞாயிறு

மேவிஸ் கடையில் துக்க வீடு. "முக்கியமான நாள்ல கைவிட்டுட்டாளே அந்தப் பொண்ணு," என்று ஒவ்வொருவராக வந்து என்னிடம் சொன்னார்கள், செத்தவருக்கு நான் நெருங்கிய சொந்தம் என்பது போல. அந்த நட்சத்திரம் எடுத்த சொற்பப் புள்ளியை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அது நம்ம பொண்ணு எடுத்த புள்ளி இல்லையே என்றார் ஒருவர்.

சில்லிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். மேவிஸ் வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 20, வியாழன்

அறிக்கையை அனுப்பிவிட்டேன். கூடை போடுபவளாக எடுத்தால் பயிற்சி முகாமிலிருந்தே திருப்பி அனுப்புவீர்கள், தடுப்பவளாக எடுத்தால் வைத்துக்கொள்வீர்கள் என்று எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்து போய்ப் பாத்திரமெல்லாம் கழுவினேன், ஏற்கெனவே கழுவியிருந்ததையும்.

யாரைப் போல: ஜோலீன் ப்ரூயட்.

அனுப்பிய பிறகு கொஞ்சம் அழுதேன். எதற்கென்று தெரியவில்லை. அந்த சாட்டின் சட்டைக்காக இருக்கலாம்.

ஏப்ரல் 14, திங்கள்

டிராஃப்ட். மேவிஸ் கடையில் ஊரே கூடி டிவி பார்த்தது. முதல் சுற்றில் மாரா பெயர் இல்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. ஆட்கள் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். நான்தான் கெடுத்தேன், என் பெயரை எழுதியிருந்தால் முதல் சுற்றிலேயே போயிருப்பாள் என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவதும் கடைசியுமான சுற்று முடியப்போகிற நேரத்தில் எங்கள் அணி. மாரா க்லாசன், அயோவா.

கடையில் ஒரு சின்னக் கைதட்டல், சமாதானத்துக்குத் தட்டுவது போல. டிவியில் பேசிக்கொண்டிருந்தவர், "அந்த அணிக்காரங்க இவள ஜோலீன் ப்ரூயட் மாதிரின்னு சொல்றாங்க. நாங்களும் தேடிப் பாத்தோம், அப்படி ஒருத்தர் எந்தப் பட்டியல்லயும் கிடைக்கல," என்று சிரித்தார்.

கடை மொத்தமும் மூலை மேஜைப் பக்கம் திரும்பியது. ஜோலீன் ரோலைப் பிய்த்து சில்லியில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்தக் கொறை மேவிஸ்," என்றாள்.

ஆனால் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அறுபத்து மூன்று வயதில் அவள் பெயரை மைக்கில் ஒருவர் சொல்கிறார். எங்கள் காலத்தில் கார்டுகளின் பெயரை ஃபவுல் செய்தால்தான் சொல்வார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாராவின் அம்மா கூப்பிட்டாள்.

"முதல் சுத்துல வருவான்னு சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். எல்லார் முன்னாடியும் மூணு மணி நேரம் அவ சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. நீங்க உங்க பேர எழுதியிருந்தாப் போதும். ஒரே ஒரு பேர். உங்க வீடியோவ தேயத் தேயப் பாத்த பொண்ணு அவ. எப்படி மனசு வந்தது?"

கேட்டுக்கொண்டேன். கடைசிச் சுற்றில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் முகாம் முடிந்ததும் வீட்டுக்குத்தான் போவார்கள். அவளும் போனால் அது என் கையெழுத்து.

தூக்கம் வராது இன்னிக்கு.

மே 3, சனி

முகாம் நடக்கிறது. நோலன் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறான். ஜோலீன் தினமும் போன் செய்து வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைக்கிறாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

மே 14, புதன்

இறுதிப் பட்டியல். முதல் சுற்றில் எடுத்த பெண்ணை அனுப்பிவிட்டார்கள். மாரா இருக்கிறாள்.

நோலன் சொன்னது: "பயிற்சியில எங்க பெரிய ஸ்கோரருக்கு எதிரே அவள நிறுத்தினோம். ரெண்டாவது நாள் அந்தம்மா வந்து, இவள எடுத்துக்கங்க, இல்லன்னா வேற டீம்ல போய் என் உயிர எடுப்பான்னு சொல்லிட்டாங்க."

எடை மேடைக்குப் போன் செய்து ஜோலீனிடம் சொன்னேன். "லாரி வந்துருச்சு," என்று வைத்துவிட்டாள். லாரி சத்தமே கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நகரத்தில் ஆட்டம். ஜோலீனின் வண்டியில்தான் போனோம். வழியெல்லாம் சோளம் முழங்காலுக்குக் கீழே, பச்சையாக. பள்ளிப் பாட்டு மறந்துவிட்டது என்றாள். நான் ஆரம்பித்ததும் இரண்டாவது அடியிலிருந்து கூடவே பாடினாள், வழக்கம் போல சுருதி இல்லாமல்.

மாரா வெளியே உட்கார்ந்தே இருந்தாள். கடைசிக் கட்டத்தில், இரண்டு புள்ளி முன்னால் இருக்கும்போது, இறக்கினார்கள். எதிரணியின் மிகப் பெரிய ஆட்டக்காரிக்கு எதிரே போய் நின்றாள். இடது கால் முன்னே. உள்ளங்கை மேலே பார்த்து. அந்தப் பெரியவள் தோளை ஆட்டினாள். பந்தை உயர்த்தினாள். மாரா அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தட்டினாள். பந்து அவள் கையில். ஒரு தட்டு, இரண்டு தட்டு, நடுக்கோட்டில் நின்று முன்னால் ஓடியவளுக்கு எறிந்தாள். அவள் போட்டாள். மணி அடித்தது. இருபதாயிரம் பேர் கூடை போட்டவள் பெயரைக் கத்தினார்கள்.

நான் கத்தவில்லை. என் இரண்டு கையும் மடியிலிருந்து எழுந்து, விரல் விரித்து, காற்றில் நீண்டிருந்தன. பந்து எனக்குத்தான் வருகிறது என்பது போல.

ஜோலீன் என் கைகளைப் பார்த்தாள்.

"இப்பவும் லேட்டுதான்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து மாரா போன் செய்தாள். எனக்கு இல்லை, ஜோலீனுக்கு. அம்மா மூலமாக விசாரித்து எண் வாங்கியிருக்கிறாள். களைத்துப் போனால் முட்டி நிமிர்வதற்கு என்ன செய்வது என்று கேட்டாளாம். கார் நிறுத்துமிடத்தில் ஜோலீன் வெகுநேரம் பேசினாள். நான் வண்டியில் சாய்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஜூன் 2, திங்கள்

காபி குடிக்க ஜோலீன் வீட்டுக்குப் போனேன். குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில், இன்றைய பேப்பரின் புள்ளிப் பட்டியலிலிருந்து கத்தரித்த ஒரே ஒரு வரி: மாரா க்லாசன், 0.